வளையம் சொல்லும் பாடம்
ஆன்டிபயாடிக் வேதியியலில் நாம் கற்க வேண்டியது என்ன?



பார்மசி டிப்ளமோ படிக்கிறவர்களிடம் "எந்தப் பாடம் உனக்குப் பயம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில், "ஸ்ட்ரக்சர்தான்!" பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பென்சிலினையும் டெட்ராசைக்ளினையும் கோலம் போடுகிற மாதிரி இருபது தடவை போட்டுப் பார்ப்பது, மறுநாள் தாளில் இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் மறந்துவிடுவது என்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. "நாம என்ன மருந்தா கண்டுபிடிக்கப் போறோம்? கடையில மாத்திரை எடுத்துக் குடுக்கப் போறோம். அதுக்கு எதுக்கு இந்த வளையமெல்லாம்?" என்ற கேள்வியும் ஹாஸ்டலில் அடிக்கடி காதில் விழும்.

கேள்வி நியாயமானதுதான். அதற்கு நேரான பதில் சொல்லவே இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். உங்கள் சங்கதியும் இதில் கொஞ்சம் வருகிறது.

2020-ஆம் ஆண்டு வந்த கல்வி ஒழுங்குமுறைப்படி நமக்கு மருந்து வேதியியல் முதலாண்டிலும், மருந்தியல் இரண்டாம் ஆண்டிலும் வருகின்றன. அதாவது பென்சிலினின் வடிவத்தை ஒரு வருடம் படிக்கிறோம். அது உடம்பில் என்ன செய்கிறது என்பதை அடுத்த வருடம் படிக்கிறோம். நடுவில் ஒரு பாலம் வேண்டும். அதை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாமல் விட்டால் வேதியியல் வெறும் படமாகவும், மருந்தியல் வெறும் மனப்பாடமாகவும் நின்றுவிடும்.

"ஆன்டிபயாடிக் பாடம் முடித்தேன்" என்று ஒரு மாணவர் சொன்னால், அவரால் என்ன செய்ய முடிய வேண்டும்? என் கணக்கில் ஏழு காரியங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கருவை அடையாளம் காண வேண்டும்

கடையில் ஆன்டிபயாடிக் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வது நடக்காத காரியம். ஆனால் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு மூக்கும் முழியும் ஒரே சாயலில் இருக்கிற மாதிரி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கரு உண்டு.

பென்சிலின் வகையில் நான்கு மூலை பீட்டா-லாக்டம் வளையமும், அதோடு ஒட்டிய கந்தகம் உள்ள ஐந்து மூலை தையசோலிடின் வளையமும் இருக்கும். செஃபலோஸ்போரின் வகையில் அதே நான்கு மூலை வளையம் உண்டு. ஆனால் பக்கத்து வளையத்துக்கு ஆறு மூலை. டெட்ராசைக்ளினில் ஆறு மூலை வளையங்கள் நான்கு, ரயில் பெட்டி மாதிரி வரிசையாக இருக்கும். எரித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடுகளில் ஒரு பெரிய லாக்டோன் வளையமும் அதில் தொங்கும் சர்க்கரைகளும் உண்டு. எரித்ரோமைசினுக்கு வளையத்தில் 14 அணுக்கள், அசித்ரோமைசினுக்கு 15. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகள் அமினோ தொகுதி கொண்ட சர்க்கரைகளின் கோவை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை குயினோலோன்கள் முழுக்க ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டவை. எந்த நுண்ணுயிரும் தந்ததல்ல.

இந்தக் குடும்பங்களின் பிறப்பும் சுவையான கதைதான். 1928-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் தட்டில் விழுந்த பூஞ்சைதான் பென்சிலினுக்கு மூலம் என்பது எல்லோருக்கும் தெரியும். 1945-ல் இத்தாலியின் சார்டினியா தீவில் கியூசெப்பே ப்ரோட்சு என்பவர் சாக்கடை நீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து எடுத்த பூஞ்சையில்தான் செஃபலோஸ்போரின் குடும்பம் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1948-ல் வெளிவந்த முதல் டெட்ராசைக்ளினான ஆரியோமைசின், லெடர்லே ஆய்வகத்தில் பெஞ்சமின் டகர் கண்டெடுத்தது. அந்த ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1923-ல் அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். சாக்கடையும் மண்ணும் தந்த சொத்து இது என்பதை நினைவில் வையுங்கள்.

2. எப்படிக் கொல்கிறது என்று வடிவத்தை வைத்துச் சொல்ல வேண்டும்

சிவில் நண்பர்களுக்குப் புரிகிற உதாரணம் ஒன்று. பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. பெப்டிடோகிளைக்கன் என்ற செங்கல்லால் ஆனது. செங்கற்களை அடுக்கினால் மட்டும் போதாது. குறுக்கே கட்டு போட வேண்டும். அந்தக் கட்டுப் போடுகிற கொத்தனார்தான் டிரான்ஸ்பெப்டிடேஸ் என்ற நொதி. அவர் கையில் எடுக்கிற செங்கல்லின் நுனியில் டி-அலனைன், டி-அலனைன் என்று இரண்டு அமினோ அமிலங்கள் இருக்கும்.

பென்சிலினின் வடிவம் அந்த நுனியைப் போலவே இருக்கிறது. கொத்தனார் ஏமாந்து அதைக் கையில் எடுக்கிறார். எடுத்ததும் கையோடு ஒட்டிக்கொள்கிறது, உதறவே முடியாது. கட்டு விழாத சுவர், உள்ளே இருக்கும் அழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. இந்த உருவ ஒற்றுமையை 1965-ல் டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் என்ற இருவர் எடுத்துச் சொன்னார்கள். மனித செல்லுக்குச் சுவரே கிடையாது. அதனால்தான் பென்சிலின் கிருமியைக் கொன்று நம்மை விட்டுவிடுகிறது.

சரி, ஏன் ஒட்டிக்கொள்கிறது? இங்கே மெக்கானிக்கல் நண்பர்கள் வரலாம். ஸ்பிரிங்கை வளைத்து ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்தால் என்ன ஆகும்? எப்போது திறக்கும், பாயலாம் என்று காத்திருக்கும். ஒரு கார்பனைல் கார்பன் 120 பாகைக் கோணத்தில் இருக்க ஆசைப்படும். நான்கு மூலை வளையத்தில் அதைச் சுமார் 90 பாகைக்குள் அடக்கி வைத்திருக்கிறோம். நொதியிலுள்ள செரின் வந்து தொட்டதும் வளையம் படாரென்று திறந்து அதனோடு பிணைந்துவிடுகிறது. வளையத்தின் இறுக்கம்தான் மருந்தின் சக்தி.

இந்த வளையம் இருக்கிறது என்றே அந்தக் காலத்தில் பெரிய வேதியியலாளர்கள் சிலர் நம்பவில்லை. இவ்வளவு இறுக்கமான வளையம் நிலைத்து நிற்குமா என்று சந்தேகப்பட்டார்கள். 1945-ல் டோரதி ஹாட்கின் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம் நான்கு மூலை வளையம்தான் என்று காட்டிய பிறகே விவாதம் ஓய்ந்தது. அவருக்கு 1964-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் சர்வசாதாரணமாகப் போடுகிற அந்தச் சதுரத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சண்டை!

3. எது கெடுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்

மேலே சொன்ன இறுக்கமே மருந்தின் பலவீனமும் ஆகிறது. செரின் வந்தாலும் திறக்கும், தண்ணீர் வந்தாலும் திறக்கும், அமிலம் வந்தாலும் திறக்கும். திறந்த வளையம் செத்த பாம்பு. பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது.

இதை வைத்துக்கொண்டு கடை அலமாரியைப் பாருங்கள். அமாக்சிசிலின் சிரப் ஏன் பாட்டிலில் பொடியாக வருகிறது? தண்ணீரில் கரைத்தே அனுப்பினால் கடைக்கு வருவதற்குள் வளையம் திறந்துவிடும். அதனால் வாங்கும்போதுதான் தண்ணீர் கலக்க வேண்டும். கலந்த பிறகு லேபிளில் போட்டிருக்கும் நாட்கள் வரைதான் அதற்கு ஆயுள். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்ததென்றால் பொதுவாக 7 நாள், அதுவும் குளிர்சாதனப் பெட்டியில். "கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்திட்டேன் தம்பி, நல்லாக் கரையும்னு" என்று ஒரு தாய் சொன்னால் நமக்குத் திக்கென்று இருக்க வேண்டும். சூடு வளையத்தை இன்னும் சீக்கிரம் திறக்கும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வெறும் "தண்ணி கலந்து குடுங்க" போதாது.

பென்சிலின்-ஜி ஏன் ஊசியாக மட்டும் போடப்படுகிறது? வயிற்று அமிலம் அதைக் கெடுத்துவிடும். பென்சிலின் ஊசியையும் ஜென்டாமைசினையும் ஒரே சிரிஞ்சில் ஏன் கலக்கக் கூடாது? ஜென்டாமைசினின் அமினோ தொகுதி பீட்டா-லாக்டம் வளையத்தைத் தாக்கித் திறந்துவிடும். இரண்டு மருந்தும் வீண். செஃப்ட்ரையாக்ஸோனை ஏன் ரிங்கர் லாக்டேட்டில் கலக்கக் கூடாது? அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவு ஆகும். இவை தனித்தனி விதிகள் என்று மனப்பாடம் செய்தால் குழம்பும். காரணம் தெரிந்தால் மறக்காது.

டெட்ராசைக்ளினில் கதை வேறு. அதன் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நின்று கால்சியம், இரும்பு, அலுமினியம், மெக்னீசியம் எது வந்தாலும் நண்டுக் கொடுக்கு மாதிரி பிடித்துக்கொள்ளும். கொடுக்கில் சிக்கிய மருந்து குடலில் உறிஞ்சப்படாது. அதனால் பாலோடும், இரும்புச்சத்து மாத்திரையோடும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்தோடும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. இதே கொடுக்கு குழந்தையின் பல்லில் உள்ள கால்சியத்தையும் பிடிக்கும். பல் நிரந்தரமாக மஞ்சளாகும். 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு டெட்ராசைக்ளினைத் தவிர்ப்பது இதற்காகத்தான். சிப்ரோஃப்ளாக்சசினிலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரு கீட்டோ, ஒரு கார்பாக்சில். அங்கேயும் அதே கொடுக்கு, அதே எச்சரிக்கை.

காலாவதியான டெட்ராசைக்ளின் இன்னும் மோசம். கெட்டுப்போனால் எபி-அன்ஹைட்ரோ-டெட்ராசைக்ளின் என்ற பொருள் உண்டாகிச் சிறுநீரகத்தைத் தாக்கும். "தேதி முடிஞ்சா பவர்தானே குறையும், பரவாயில்ல" என்கிறவர்களுக்கு இது பதில்.

4. பக்கச் சங்கிலியைப் படித்துக் குணத்தைச் சொல்ல வேண்டும்

1957-ல் பீச்சம் ஆய்வகத்தில் 6-அமினோபென்சிலானிக் அமிலம் தனியாகப் பிரிக்கப்பட்டது. அது பக்கச் சங்கிலி இல்லாத வெறும் பென்சிலின் கரு. சேஸிஸ் கிடைத்துவிட்டது, இனி எந்த பாடி வேண்டுமானாலும் கட்டலாம் என்ற நிலை. அதிலிருந்துதான் நம் அலமாரியில் உள்ள பென்சிலின்களில் பெரும்பாலானவை பிறந்தன.

அமிலம் எப்படி பென்சிலின்-ஜியைக் கெடுக்கிறது? அதன் பக்கச் சங்கிலியின் ஆக்சிஜனே திரும்பி வந்து சொந்த வளையத்தைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதை. பென்சிலின்-வியில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக உட்கார்ந்து எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வேலிக்குப் பல் போய்விட்டது! வாய்வழி சாப்பிடலாம்.

ஆம்பிசிலினில் ஓர் அமினோ தொகுதி. அதுவும் எலக்ட்ரானை இழுப்பதால் அமிலத்தைத் தாங்கும். மேலும் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச் சவ்வில் உள்ள போரின் என்னும் சின்னத் துளைகள் வழியாக உள்ளே நுழையும். அதில் ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்தால் அமாக்சிசிலின். மாற்றம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணுதான். ஆனால் குடலில் உறிஞ்சப்படுவது ஆம்பிசிலினைவிட நன்றாக இருக்கும், சாப்பாடும் அவ்வளவாகத் தடுக்காது. ஆம்பிசிலினை வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்வதும் அமாக்சிசிலினுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததும் இதனால்தான்.

மேக்ரோலைடிலும் இதே தர்க்கம். எரித்ரோமைசினில் உள்ள ஒரு ஹைட்ராக்சில் அமிலத்தில் பக்கத்துக் கீட்டோனோடு சேர்ந்து மருந்தைக் கெடுக்கும். அந்த ஹைட்ராக்சிலை மெத்தாக்சியாக மாற்றினால் கிளாரித்ரோமைசின். கீட்டோனையே எடுத்துவிட்டு வளையத்துக்குள் ஒரு நைட்ரஜனைப் புகுத்தினால் அசித்ரோமைசின். எதிரிகள் இருவரில் ஒருவரை நீக்கினால் சண்டை இல்லை, அவ்வளவுதான்.

குளோரம்ஃபெனிகாலில் இன்னொரு பாடம். இரண்டு கைரல் கார்பன்கள் இருப்பதால் நான்கு ஐசோமர்கள் சாத்தியம். அதில் டி-த்ரியோ என்ற ஒன்றுதான் மருந்தாக வேலை செய்யும். "ஐசோமர் சும்மா கேள்வித்தாளுக்கு" என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அதன் கசப்பு தாங்காமல் குழந்தை துப்பிவிடும் என்பதற்காகப் பால்மிடேட் எஸ்டராக மாற்றினார்கள். நாக்கில் கசக்காது, குடலில் போய் உடைந்து மருந்தாகும்.

5. கிருமி எப்படித் தப்பிக்கிறது என்று விளக்க வேண்டும்

பென்சிலின் கடைக்கு வருவதற்கு முன்பே, 1940-லேயே, ஆபிரகாமும் செயினும் பென்சிலினை அழிக்கும் ஒரு நொதியைப் பாக்டீரியாவில் கண்டுவிட்டார்கள். நாம் பூட்டு செய்யும் முன்பே திருடனிடம் சாவி இருந்தது! 1945-ல் நோபல் உரையின்போதே ஃப்ளெமிங், மருந்தைக் குறைந்த அளவில் அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமிகள் பழகிக்கொள்ளும், சாப்பிட்டவர் மூலம் அவை வீட்டிலுள்ள இன்னொருவரின் உயிரைக்கூட எடுக்கலாம் என்று எச்சரித்தார்.

தப்பிக்கும் வழிகள் முக்கியமாக நான்கு. முதலாவது, மருந்தை உடைப்பது: பீட்டா-லாக்டமேஸ் நொதி வளையத்தைத் திறந்துவிடும். இரண்டாவது, இலக்கை மாற்றுவது: மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ், பென்சிலின் ஒட்டாத புதுக் கொத்தனாரை வேலைக்கு வைத்துக்கொள்கிறது. மூன்றாவது, வாசலை அடைப்பது: போரின் துளைகளைக் குறைத்துக்கொள்ளும். நான்காவது, வந்த மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைப்பது.

வேதியியலாளர்களும் சும்மா இருக்கவில்லை. மெத்திசிலினில் வளையத்தின் அருகே இரண்டு மெத்தாக்சி தொகுதிகளைக் காவலுக்கு நிறுத்தி, நொதி கிட்டே வராமல் செய்தார்கள். ஆனால் அது புழக்கத்துக்கு வந்த ஓரிரு ஆண்டிலேயே, 1961-ல், இங்கிலாந்தில் அதற்கும் அடங்காத கிருமி பதிவானது. கிளாவுலானிக் அமிலம் இன்னொரு யுக்தி. தானும் ஒரு பீட்டா-லாக்டம். தன்னைப் பலி கொடுத்து நொதியின் வாயை அடைத்துவிடும். கூட வந்த அமாக்சிசிலின் பிழைத்துப் போய் வேலையைச் செய்யும்.

வான்கோமைசின் கதையைக் கேளுங்கள். அது கொத்தனாரை விட்டுவிட்டுச் செங்கல்லின் நுனியையே ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்புக் கிருமி என்ன செய்தது? நுனியில் இருந்த டி-அலனைனை டி-லாக்டேட்டாக மாற்றியது. ஒரு என்-எச் போய் ஓர் ஆக்சிஜன் வந்தது. ஒரு பிணைப்பு போனது. பிடிப்பு சுமார் ஆயிரம் மடங்கு தளர்ந்தது. ஒரே ஓர் அணு!

இது எங்கோ நடக்கிற சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கார்பபெனம் என்ற கடைசிக்கட்ட மருந்துகளையும் உடைக்கும் நொதி ஒன்றுக்கு, 2009-ல் வெளியான ஆய்வில், நம் தலைநகரின் பெயரே வைக்கப்பட்டது. 2012-ல் சென்னையில் மருத்துவ அமைப்புகள் கூடி, இந்த எதிர்ப்புத் திறனைச் சமாளிக்க "சென்னைப் பிரகடனம்" என்ற வழித்தடத்தை வகுத்தன. 2022-ல் லான்செட் இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

6. யாருக்கு ஆபத்து என்று எச்சரிக்க வேண்டும்

திறந்த பென்சிலின் வளையம் கிருமியின் நொதியோடு மட்டும் ஒட்டுவதில்லை. நம் உடம்புப் புரதத்தோடும் ஒட்டும். ஒட்டிய புரதத்தை அந்நியன் என்று நினைத்து உடம்பு சண்டைக்குப் போனால், அதுதான் ஒவ்வாமை. சிலருக்குத் தோலில் தடிப்போடு போகும். சிலருக்குச் சில நிமிடங்களில் மூச்சே நின்றுபோகும். பார்த்தீர்களா, மருந்தின் சக்தி, மருந்தின் பலவீனம், மருந்தின் ஆபத்து மூன்றுக்கும் காரணம் ஒரே வளையம்!

"பென்சிலின் ஒத்துக்காது" என்கிறவருக்கு அமாக்சிசிலின் கொடுக்கலாமா? கருவைப் படித்த மாணவருக்கு இது சந்தேகமே இல்லை. பெயர் வேறு, குடும்பம் ஒன்று. கொடுக்கக் கூடாது. செஃபலோஸ்போரின்? பழைய புத்தகங்கள் பத்துக்கு ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதின. இன்றைய கருத்துப்படி அது மிகக் குறைவு. முக்கியமாகப் பக்கச் சங்கிலியின் சாயலைப் பொறுத்தது. செஃபலெக்சினுக்கும் ஆம்பிசிலினுக்கும் பக்கச் சங்கிலி ஒன்றே. ஆகவே அங்கே கவனம் அதிகம் வேண்டும். முடிவெடுப்பவர் மருத்துவர்தான். ஆனால் சீட்டைப் பார்த்ததும் "முன்னால ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்காம்மா?" என்று கேட்டு, சந்தேகம் வந்தால் மருத்துவருக்குப் போன் போடுகிற கடமை நமக்கு உண்டு.

அமினோகிளைக்கோசைடுகள் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். குளோரம்ஃபெனிகால் அபூர்வமாக எலும்பு மஜ்ஜையை முடக்கும். பிறந்த குழந்தையின் கல்லீரலால் அதை வெளியேற்ற முடியாது. மருந்தின் பெயரைப் பார்த்ததும் அதன் எச்சரிக்கையும் கூடவே நினைவுக்கு வர வேண்டும்.

7. படித்ததைக் கவுண்டரில் சொல்லத் தெரிய வேண்டும்

மற்ற ஆறும் இதற்காகத்தான். ஒரு சாயங்கால நேரம், கடையில் கூட்டம். ஒருவர் வருகிறார்.

"தம்பி, சளி புடிச்சிருக்கு. அந்தச் செவப்பு காப்சூல் நாலு குடுப்பா."

"டாக்டர் சீட்டு இருக்காங்கய்யா?"

"சீட்டெல்லாம் எதுக்கு? போன வாரம் எம் பையனுக்குக் குடுத்தாங்க, நல்லாப் போச்சு."

இங்கே நாம் என்ன சொல்லப் போகிறோம்? "சட்டம் ஒத்துக்காது" என்று மட்டும் சொன்னால் அவர் அடுத்த கடைக்குப் போவார். "அய்யா, சாதாரண சளி வைரஸால வர்றது. இந்த மருந்து பாக்டீரியாவோட சுவரை உடைக்கிறது. வைரஸுக்குச் சுவரே கிடையாதுங்க. நாலு காப்சூல் சாப்பிட்டா சளி போகாது. வயித்துல இருக்கிற கிருமிங்க மருந்துக்குப் பழகிக்கும். நாளைக்கு நெஜமா வேண்டியபோது கேக்காது. மூணு நாளைக்கு மேல காய்ச்சலோ மூச்சு வாங்குறதோ இருந்தா டாக்டரைப் பாருங்க" என்று சொன்னால்? எல்லோரும் கேட்பார்கள் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் நான்கு பேரில் ஒருவராவது நின்று யோசிப்பார். இந்தப் பதிலில் இருப்பது முழுக்க இரண்டாவது, ஐந்தாவது பாடங்கள்தானே?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. ஆன்டிபயாடிக்குகள் மருத்துவர் சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். 2014 மார்ச் 1 முதல் அமலான எச்-1 அட்டவணையில் தொடக்கத்தில் 46 மருந்துகள் இருந்தன. செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்ஸோன், மெரோபெனம் எல்லாம் அதில் அடக்கம். இவற்றை விற்றால் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுப் பார்மசி சட்டம், பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்து வழங்க வேண்டும் என்கிறது. அந்த உரிமையை நமக்குத் தருவது சும்மா அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டுவதற்காக அல்ல. முதலாளி "குடுத்து அனுப்புப்பா, வியாபாரம் போகுது" என்று சொல்கிற நாள் நம்மில் பலருக்கு வரும். அன்றைக்கு நம்மை நிமிர்ந்து நிற்க வைப்பது, ஏன் கூடாது என்ற காரணம் முழுசாகத் தெரிந்திருப்பதுதான்.

எப்படிப் படிப்பது?

ஒரு யோசனை. ஒவ்வொரு மருந்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே வடிவத்தைப் போடுங்கள். கருவுக்குச் சிவப்பு, பக்கச் சங்கிலிக்கு நீலம். கீழே மூன்று வரி: இது எதைத் தாக்குகிறது, இதை எது கெடுக்கும், கிருமி இதிலிருந்து எப்படித் தப்பிக்கும். கடைசியாக, வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை நம் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். அந்த வாக்கியம் எழுத வரவில்லை என்றால் அந்த மருந்தை இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டாம் ஆண்டு மருந்தியல் வரும்போது புது நோட்டு போடாமல் இதே பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள். பாலம் தானாகக் கட்டப்பட்டுவிடும்.

முடிந்தால் இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் பார்மசிஸ்ட். நோயாளியாக இருப்பவர் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள

புத்தகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லிப் பாருங்கள்:

1. பென்சிலின்-ஜி ஊசி, பென்சிலின்-வி மாத்திரை. ஏன்?
2. அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் எதற்கு? அதுவே கிருமியைக் கொல்கிறதா?
3. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு டாக்ஸிசைக்ளின் எழுதியிருக்கிறார்கள். என்ன சொல்வீர்கள்?
4. கலந்து வைத்த சிரப் பாதி மீதி இருக்கிறது. அடுத்த மாதம் தங்கச்சிக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார் ஓர் அம்மா. வேதியியல் காரணத்தோடு பதில் சொல்லுங்கள்.
5. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆம்பிசிலின் சீட்டு வந்திருக்கிறது. உங்கள் முதல் காரியம் என்ன?

ஐந்துக்கும் காரணத்தோடு பதில் வந்தால், தேர்வில் எத்தனை மார்க் வந்தாலும் நீங்கள் இந்தப் பாடத்தில் தேறியவர். மூன்றுதான் வருகிறது என்றால் கவலை வேண்டாம். வராத இரண்டுக்கும் எந்தப் பத்தியில் பதில் இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் ஊர்ப்பக்கம் சின்ன மருந்துக்கடையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருத்துவமனை மருந்தகத்தில் வேலைக்குப் போவோம். டாக்டரைப் பார்க்க மூன்று மணி நேரம் காத்திருந்த நோயாளி கடைசியாகப் பேசுவது நம்மோடுதான். மருந்து அவர் கைக்குப் போகும் அந்த ஒரு நிமிடத்தில், படித்த வளையம் நம் வாயில் ஒரு நல்ல வாக்கியமாக வரட்டும்.

அனைவருக்கும் தேர்வு வாழ்த்துகள்!